அலமாரியில் 11 கைடு, கையில் எடுப்பது 2

என் அலமாரியின் கீழ்த்தட்டில் 11 கைடு புத்தகங்கள் நிற்கின்றன. எல்லாம் வீடியோ கேம்களுக்கானவை. எந்தக் குகையில் எந்தப் பெட்டி இருக்கிறது, எந்த பாஸை, அதாவது பெரிய எதிரியை, எப்படி வீழ்த்துவது, எந்த வாள் யாரிடம் கிடைக்கும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் தடித்த புத்தகங்கள். ஆறு வருடத்தில் ஒன்றொன்றாகச் சேர்ந்தவை. போன மாதம் வீடு மாறும்போது அவற்றை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அடுக்கும்போதே எதற்கு எவ்வளவு கொடுத்தேன் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒரு புதுக் கன்சோலும் கூடவே இரண்டு கேமும் வாங்கியிருக்கலாம். அந்தப் பதினொன்றில் இன்றைக்கும் நான் கையில் எடுப்பது இரண்டுதான். மீதி ஒன்பதுக்குப் போன பணத்தைவிட, அவற்றை நம்பித் தொலைத்த ராத்திரிகள்தான் அதிகம் உறுத்துகின்றன. வாங்குவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், பாதிக்கு மேல் தப்பித்திருப்பேன். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. உங்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கைடு மேல் எனக்கு இருந்த ஆசை, சொந்தமாக கேம் வாங்குவதற்கும் முந்தையது. பள்ளியில் கூடப் படித்தவனின் அண்ணன் ஒரு கைடு வைத்திருந்தார். கேமைத் தொடவிட மாட்டார். புத்தகத்தை மட்டும் ஒரு வாரம் இரவல் கொடுத்தார். நான் விளையாடியே இராத ஒரு உலகத்தின் வரைபடத்தை அந்த வாரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். இந்த ஆற்றைக் கடந்தால் இந்தக் கோயில், கோயிலுக்குப் பின்னால் இந்தச் சுரங்கம் என்று மனப்பாடமே ஆகிவிட்டது. கைடு படிப்பதே தனியாக ஒரு விளையாட்டு. அந்த ருசி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ருசிதான் பின்னாளில் என்னை யோசிக்கவிடாமல் வாங்க வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் கைடு இல்லாமல் முடியாது என்றே இருந்தது. 1988-ல் நின்டெண்டோ பவர் இதழ் வந்தது. மாரியோவில் எங்கே ரகசியக் குழாய் என்று தெரிந்துகொள்ள அதை விட்டால் விளையாடி முடித்த நண்பன்தான் கதி. தொண்ணூறுகளில் ப்ரைமா, பிராடிகேம்ஸ் என்று கைடு மட்டுமே போடும் பதிப்பகங்கள் பெரிதாக வளர்ந்தன. 1995-ல் கேம்ஃபேக்ஸ் தளம் வந்த பிறகு ரசிகர்களே எழுதிய வழிகாட்டிகள் வெறும் எழுத்தாக, இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தன. பிறகு விக்கி, பிறகு வீடியோ. ப்ரைமாவும் பிராடிகேம்ஸும் 2015-ல் ஒன்றாகி, 2018 கடைசியில் அச்சுக் கைடுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே மனசு கனத்தது. அந்த வருத்தத்தில்தான், அச்சில் வருவதை இனி விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். அடுத்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த பெரிய கேமுக்கு, கேமும் கைடும் சேர்த்தே முன்பதிவு செய்தேன்.

கேமின் பெயர் வேண்டாம். எழுபது எண்பது மணி நேரம் போகும் பெரிய ரோல்பிளேயிங் கேம். கெட்டி அட்டைக் கைடு, கேமின் விலையில் முக்கால்வாசி. இரண்டும் ஒரே நாளில் கைக்கு வந்தன. அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். முதல் முறையே எதையும் விடாமல் முழுமையாக முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாகப் படித்து, அதன்படியே நடந்தேன். முதல் 20 மணி நேரம் தேன் மாதிரி போனது. எதையுமே தவறவிடவில்லை என்ற நிம்மதி இருந்ததே, அது ஒரு தனி சுகம்.

46-வது மணி நேரத்தில் கதை மாறியது. 214-ஆம் பக்கம். ஒரு கலங்கரை விளக்கக் காவலர் இருப்பார். சிதறிப்போன கண்ணாடிச் சில்லுகள் ஏழையும் அவருக்குச் சேர்த்துக் கொடுத்தால்தான் கேமின் உண்மையான முடிவு திறக்கும். ஆறாம் அத்தியாய பாஸை முடித்துவிட்டு அவரிடம் திரும்பிப் போகச் சொன்னது புத்தகம். முடித்தேன், போனேன். விளக்கு அணைந்து கிடந்தது. கதவு பூட்டியிருந்தது. கேமுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஊரிலே ஒவ்வொருவரிடமும் பேசினேன். படுத்துத் தூங்கி, விடிந்து, இரவாகி மறுபடி போனேன். முந்தைய அத்தியாயத்தின் சில்லுகளில் ஒன்றைத் தவறவிட்டேனோ என்று ஏழு இடத்துக்கும் மறுபடி நடந்தேன். மூன்று ராத்திரி. கணக்குப் பார்த்தால் 11 மணி நேரம். அந்த மூன்று ராத்திரியும் நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். கவனமாகப் படிக்கவில்லை, எங்கோ ஒரு வரியை விட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். அச்சில் வந்த புத்தகம், அதிகாரப்பூர்வம் என்று அட்டையில் போட்டிருக்கிறது, அது தப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

நாலாம் நாள் அப்டேட் குறிப்புகளைப் படித்தேன். கேம் வெளிவந்த அன்றைக்கே இறங்கிய பேட்சில், அதாவது கேமுக்கான திருத்தத்தில், ஒரு வரி: காவலரின் சைடு குவெஸ்ட், அதாவது கிளைக்கதைப் பணி, வரும் வரிசை மாற்றப்பட்டது. அவரிடம் பாஸுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பாஸ் செத்தால் கதவு பூட்டு. நான் ஒரே சேவ் ஃபைலின் மேலேயே திரும்பத் திரும்ப சேவ் செய்துகொண்டு வந்திருந்தேன், பின்னால் போக வழியில்லை. விடுப்பும் முடிந்துவிட்டது. அந்த கேமை நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எட்டு மாதம் ஆனது. டிவியை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்; அழுகை வரவில்லை, ஆனால் வந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பிறகுதான் இந்தப் புத்தகங்கள் எப்படித் தயாராகின்றன என்று தேடிப் படித்தேன். கேமும் கைடும் ஒரே நாளில் கடைக்கு வர வேண்டும் என்றால், புத்தகம் பல வாரம் முன்பே அச்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே கைடு எழுதுகிறவர்கள் விளையாடுவது நம் கைக்கு வரும் கேமை அல்ல, இன்னும் முடிவடையாத ஒரு பதிப்பை. அவர்கள் எழுதி முடித்து, அச்சாகி, லாரியில் ஏறிய பிறகும் கேமைத் தயாரிப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய கேசட், டிஸ்க் காலத்தில் அந்த மாற்றம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். டிஸ்க்கில் இருப்பதுதான் கேம். இப்போது நிற்பதே இல்லை. எல்டன் ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 25-ல் வந்தது. மார்ச் 17-ல், மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை, 1.03 பேட்ச் வந்தது. சில பாத்திரங்களின் கதையில் புதுக் கட்டங்கள் சேர்ந்தன, சந்தித்தவர்களின் இடம் வரைபடத்தில் பதிவாகும் வசதி வந்தது, சண்டையில் துணைக்கு எல்லோரும் நம்பியிருந்த மிமிக் டியர் ஆவியின் பலம் குறைந்தது. சைபர்பங்க் 2077 இன்னும் பெரிய உதாரணம். 2020 டிசம்பரில் வந்த கேம்; 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டில் பாத்திரம் எந்தத் திறனுக்குப் பின் எதைப் பெறலாம் என்று காட்டும் திறன் மரங்கள் முழுக்க மாறின, கவசப் பலம் உடுப்பிலிருந்து உடலில் பொருத்தும் சைபர்வேர் கருவிகளுக்குப் போனது. முதல் வருடத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்று ஒருவர் பாத்திரத்தை வளர்க்கப் பார்த்தால், அந்தப் பக்கங்கள் வேறு ஏதோ ஒரு கேமைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருக்கும். எழுதியவர்கள் மேல் குற்றமே இல்லை, அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அதனால் முதல் நாளில் கைடு வாங்காதீர்கள் என்பது நான் உரக்கச் சொல்ல விரும்பும் விஷயம். ஒரு வருடம் பொறுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, புத்தகம் விலை இறங்கும். இல்லையென்றால், திருத்திய பதிப்பு வரும். ஜெல்டா ப்ரெத் ஆஃப் தி வைல்டுக்கு பிக்கிபேக் பதிப்பகம் போட்ட கைடு 2017-ல் கேமோடு வந்தது. அடுத்த வருடமே, பின்னால் வந்த டிஎல்சி என்னும் கூடுதல் பகுதிகள் இரண்டும் சேர்ந்த விரிவான பதிப்பு வந்துவிட்டது. மூல கேமில் ஷ்ரைன் என்னும் புதிர்க் கோயில்கள் 120. டிஎல்சியில் இன்னும் 16. பொறுத்தவர்களுக்கு எல்லாமே ஒரே புத்தகத்தில் கிடைத்தது. வாங்கும் முன் உள்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், எந்த வெர்ஷனை வைத்து எழுதியது என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள், பிறகு கேமின் பெரிய அப்டேட்டுகள் எந்தத் தேதிகளில் வந்தன என்று ஒரு முறை தேடுங்கள். புத்தகம் முந்தி, அப்டேட் பிந்தி என்றால் எண்களையும் அட்டவணைகளையும் நம்பாதீர்கள். அப்புறம் ஒன்று, இதைக் கைடு வாங்காதவர்களும் கேட்டுக்கொள்ளலாம்: ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் தனி சேவ் ஒன்று போட்டு வையுங்கள்.

அந்த அனுபவத்தில் இன்னொன்றும் புரிந்தது, அதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. முதல் 20 மணி நேரம் தேன் மாதிரி போனது என்று எழுதினேன் அல்லவா? எட்டு மாதம் கழித்து, கைடு இல்லாமல், அதே கேமை முதலிலிருந்து விளையாடியபோதுதான் முதல் முறை நான் எதையுமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. மலைப்பாதையில் ஒரு வளைவு. திரும்பினால் கடல் மொத்தமாகத் தெரியும். முதல் முறை அந்த வளைவில் நான் குனிந்து புத்தகத்தில் "இடதுபுறப் பெட்டியில் மருந்து" என்ற வரியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடலைப் பார்த்த ஞாபகமே இல்லை. கேம் என் கண் முன்னால் ஓடியது, நான் விளையாடியது மடியில் இருந்த புத்தகத்தை.

எதையாவது தவறவிடுவோமோ என்ற பயம்தான் நம்மைப் புத்தகத்துக்குள் தள்ளுகிறது. சில கேம்கள் அந்தப் பயத்துக்குத் தீனியும் போட்டன. ஃபைனல் ஃபேன்டஸி 12-ல் சோடியாக் ஸ்பியர் என்று ஒரு ஈட்டி. 2006-ல் வந்த மூல பதிப்பில் அது உறுதியாகக் கிடைக்க வேண்டுமென்றால், வழியில் வரும் நான்கு குறிப்பிட்ட பெட்டிகளை நீங்கள் திறந்திருக்கக் கூடாது. அந்த நாலும் மற்றப் பெட்டிகளைப் போலத்தான் இருக்கும், திறக்காதே என்று கேமில் ஒரு வார்த்தை கிடையாது. கைடு விற்பதற்காகவே வைத்த நிபந்தனையோ என்று ரசிகர்கள் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். 2017-ல் புதுப்பித்து வெளியிட்டபோது அந்த நிபந்தனையே இல்லை. ஒன்பதாம் பாகத்தில் எக்ஸ்காலிபர் 2 வாளுக்குக் கடைசிப் பகுதியை 12 மணி நேரத்துக்குள் எட்டியாக வேண்டும். முதல் முறை விளையாடுகிறவர், கதையை ரசித்துக்கொண்டு, அதைச் செய்யவே முடியாது. இப்படிப்பட்டவை அந்த கேமையே கரைத்துக் குடித்தவர்களுக்கான பரிசு. முதல் முறை விளையாடும் நமக்கு அவை இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை. அந்த ஈட்டி இல்லாமலேயே கேமை நன்றாக முடிக்கலாம். இதை நான் அன்றைக்கு நம்பியிருந்தால் பாதிப் புத்தகம் வாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்தது பழைய கைடு. என் மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. அச்சு நின்றுவிட்டால் பழையது அரிதாகும், அரிதானால் விலை ஏறும், இப்போதே வாங்கிவிடு என்று ஒரு அவசரம் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளி நாளில் இரவல் வாங்கிப் படித்தேனே, அதே கைடு ஒருவரிடம் விற்பனைக்கு வந்தது. நாலு புது கேம் வாங்கும் விலை கேட்டார். அட்டைப் படம் ஒன்றுதான் காட்டினார். அந்த அட்டையைப் பார்த்ததும் நான் சிறுவனாகிவிட்டேன், கேள்வியே கேட்கவில்லை. வந்த புத்தகத்தில் பின்னால் மடித்து ஒட்டியிருக்க வேண்டிய பெரிய வரைபடம் இல்லை. கிழித்த இடத்தில் தாளின் முனை மட்டும் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நான் விரலால் தடவிய அந்த வரைபடத்துக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன். நடுவில் விரித்ததும் முதுகில் பசை படபடவென்று விட்டு 16 பக்கம் தனியாகக் கையில் வந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, வரைபடம் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லையே என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை.

ஆகவே பழைய கைடு வாங்குகிறவர்கள், விற்பவரிடம் படம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இணைப்பு வரைபடம் இருந்தால் அதை முழுதாக விரித்து ஒரு படம். புத்தகத்தைச் சரிபாதியில் விரித்து முதுகுப் பக்கம் ஒரு படம். முதல் பக்கம், கடைசிப் பக்கம், பேனா கிறுக்கல் உள்ள பக்கங்கள். ஈரம் பட்ட புத்தகம் என்றால் வழவழத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் படத்தோடு உரிந்து வரும். எல்லாப் பக்கமும் திரும்புகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே இணையத்தில் தட்டிப் பயன்படுத்தும் டிஜிட்டல் குறியீடு உண்டு என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு பைசாகூட அதிகம் தராதீர்கள். எனக்கு வந்த ஒன்றில் அந்தக் குறியீடு முன்பே சுரண்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் சுரண்டாமல் இருந்தது, ஆனால் பயன்படுத்தும் இணையப் பக்கமே இல்லை.

இணையத்தை நம்பிய கைடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஃபைனல் ஃபேன்டஸி 9-க்கு 2000-ல் வந்த அதிகாரப்பூர்வ கைடு. பக்கத்துக்குப் பக்கம், மேல்விவரத்துக்கு பிளேஆன்லைன் தளத்துக்குப் போய் இந்தச் சொல்லைத் தட்டுங்கள் என்றது. அந்தச் சொற்கள் போய்ச் சேர வேண்டிய பக்கங்கள் இன்று இல்லை. புத்தகம் மட்டும் பாதி வாக்கியத்தோடு நிற்கிறது. பழையதை வாங்கும் முன், அந்தக் கைடைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு அரை மணி நேரம் தேடுங்கள். சில நேரம் பணமே கொடுக்க வேண்டியிருக்காது. எர்த்பவுண்ட் கேம் 1995-ல் அமெரிக்காவில் பெரிய பெட்டியில், கைடோடு சேர்த்தே விற்கப்பட்டது. அந்தக் கைடைப் பிறகு 2013-ல், வீ யூ கன்சோலுக்கு கேமை வெளியிட்டபோது, நின்டெண்டோவே இணையத்தில் இலவசமாகப் போட்டது.

போலிகளைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் ஒருமுறை அதிலும் மாட்டினேன். ஒரு புது கேமுக்கு முழுமையான வழிகாட்டி என்ற பெயரில் மலிவாக ஒரு புத்தகம். வந்ததும் பார்த்தால் வரைபடம் கிடையாது, படம் கிடையாது, யாரோ ஒரு விக்கியிலிருந்து அப்படியே எடுத்த வரிகள், சில இடத்தில் "இங்கே சொடுக்கவும்" என்பதுகூட அச்சாகியிருந்தது. ஆர்டர் வந்த பிறகு ஒற்றைப் பிரதியாக அச்சடித்து அனுப்பும் வகை. உள்பக்க மாதிரி ஒன்றுகூடக் காட்டாத புத்தகம், கேம் நிறுவனத்தின் அனுமதி பற்றி எங்கும் குறிப்பு இல்லாத புத்தகம், ஒரே ஆசிரியர் பெயரில் ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து கேம்களுக்கு வந்த புத்தகம், இவற்றைப் பார்த்ததும் கடந்துபோய்விடுங்கள். ரசிகர்கள் உழைத்துத் தயாரிக்கும் அதிகாரப்பூர்வமற்ற கைடுகளும் உண்டு, அவை அருமையாகவே இருக்கும். அவர்கள் உள்பக்கங்களைப் பெருமையோடு காட்டுவார்கள், அதுதான் வித்தியாசம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கைடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் வைத்துக்கொண்ட இரண்டில் ஒன்று, மேலே சொன்ன ஜெல்டாவின் விரிவான பதிப்பு. கேமை முடித்த பிறகு வாங்கினேன். 900 கொராக் விதைகள் அந்த உலகத்தில் ஒளிந்திருக்கின்றன. போனில் ஒரு வரைபடத்தை விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்கித் தேடினால் எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று பத்து நிமிடத்தில் குழம்பிவிடும். புத்தகத்தில் ஒரு மாகாணம் இரண்டு பக்கத்தில் முழுதாக விரிகிறது. கிடைத்ததன் மேல் பென்சிலால் ஒரு கோடு. ஒரு ராத்திரிக்கு ஒரு மலை, ஒரு ராத்திரிக்கு ஒரு ஏரி. கோடுகள் நிறைந்துகொண்டே வருவதைப் பார்க்கும் திருப்தியை எந்தத் திரையும் எனக்குக் கொடுத்ததில்லை. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு விளையாடலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஒரு கேள்விக்கு இணையத்தில் பதில் தேடினால், 20 விநாடிப் பதிலுக்கு 12 நிமிட வீடியோ பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பக்கத்தில் வரும் பரிந்துரைப் படமே கடைசி பாஸ் யார் என்று காட்டிவிடுகிறது. நல்ல கைடில் நீங்கள் தேடிய பக்கம் மட்டும்தான் திறக்கும்.

இரண்டாவது, ஃப்யூச்சர் பிரஸ் போட்ட பிளட்போர்ன் கைடு. எதிரிகள் ஒவ்வொருவரும் எப்படி அசைவார்கள், எந்தக் கணத்தில் பக்கவாட்டில் விலகலாம் என்று எழுதியவர்கள் உட்கார்ந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தால் எங்கே போக வேண்டும் என்பதோடு நிற்காது, அந்த கேம் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதும் புரியும். கைடு வாங்கும் முன் நான் இப்போது பார்ப்பது இதைத்தான். "வலப்பக்கம் போ, கதவைத் திற, பெட்டியை எடு" என்று நடத்திக்கொண்டு போகும் பக்கங்கள்தான் பெரும்பகுதி என்றால் வாங்க மாட்டேன், அது இணையத்தில் இலவசமாக, பேட்சுக்கு ஏற்பத் திருத்தப்பட்டே கிடைக்கிறது. வரைபடங்களும், எதிரிகளைப் பற்றிய ஆழமான விளக்கங்களும், கலைஞர்களின் ஓவியங்களும் நிறைந்திருந்தால் வாங்குவேன். கேம் இனி பெரிதாக மாறாது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் ஒருமுறையாவது அதை முடித்திருக்க வேண்டும். மறுபடி விளையாடுவேன் என்ற நிச்சயம் இருக்க வேண்டும். கட்டு நூலால் தைத்ததா, வெறும் பசையா என்றும் பார்ப்பேன். மடியில் விரித்தால் தானாக விரிந்து நிற்காத புத்தகம் விளையாடும்போது உதவாது, இரண்டு கையும் கன்ட்ரோலரில் இருக்குமே.

சேகரிப்பதற்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆசை வேறு. ஆனால் பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்காதீர்கள். என்னுடைய ஒன்பதையும் விற்கலாமா என்று விசாரித்தேன். பிரபலமான கேமுக்கு வந்த கைடு என்றால் பிரதிகள் ஏராளமாக இருக்கின்றன, யாரும் தேடுவதில்லை. கேட்ட விலையில் தபால் செலவுகூடத் தேறாது.

அக்கா மகன் இந்த வருடம்தான் கேம் விளையாட ஆரம்பித்திருக்கிறான். பெட்டியில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். முதலில் ஒரு தடவை நீயே விளையாடிவிட்டு அப்புறம் பிரி என்று சொல்லித்தான் கொடுக்கப்போகிறேன். கேட்பானா என்று தெரியாது, அந்த வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் நேற்று ராத்திரி ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தப்புகளை எல்லாம் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். எண்கள் மாறிய அட்டவணைகள் மேல் குறுக்குக் கோடு, வரைபடம் இல்லாத புத்தகத்தில் அதைச் சொல்லி ஒரு சீட்டு. 214-ஆம் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்: பாஸுக்கு முன்னாடியே இவர்கிட்ட பேசிடு.